மாடன் போட்ட நெருப்புக்கோழி பூட்ஸ்

அத்தியாயம் 3

நெருப்புக்கோழியின் தோலில் பூட்ஸ் தைப்பார்கள் என்பதைத் துப்பறிவாளர் பஞ்சாபகேசன் உடனே நம்பிவிட்டார். அவருடைய உதவியாளர் குழல்வாய்மொழி நம்பவில்லை.

"கோழியை உரிச்சா குழம்பு வைக்கலாம். பூட்ஸ் எப்படித் தைக்க முடியும்?" என்றாள்.

"அது நம்மூர்க் கோழி இல்லக்கா. ஆளை விட உயரம். ஒரு மிதி மிதிச்சா சிங்கமே படுத்துக்கிடும்" என்றான் ஒலி முகம்மது.

"அப்ப உரிச்சவன் பெரிய ஆளுதான்."

தென்காசி ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், மாடியில் இருந்தது அந்த அலுவலகம். ஆடிமாதச் சாரல் ஜன்னல் கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒலி முகம்மது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். துபாயில் டிரைவர். சட்டையில் வெளிநாட்டு சென்ட் மணந்தது, முகத்தில் தூக்கமில்லை.

அவன் சொன்ன கதை இதுதான். துபாயில் சரக்குகளை அடுக்கும் பெரிய கிட்டங்கிகள் வைத்திருக்கும் அவனுடைய முதலாளியை அவன் அர்பாப் என்றுதான் சொல்வான். வருடக்கணக்காகக் காரோட்டும்போதெல்லாம் அவரிடம் குற்றாலத்தைப் பற்றிப் பேசிப் பேசி, மனிதர் இந்த வருடம் மழையைப் பார்க்கக் கிளம்பி வந்துவிட்டார். ஐந்தருவிக்குப் போகிற பாதையில் ஒரு கல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். அருவியில் நின்றார். சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். திரும்பி வந்தால் பூட்ஸ் இல்லை. அன்றிலிருந்து லாட்ஜ் கட்டிலை விட்டு இறங்க மறுக்கிறார்.

"கடைத்தெருவுல ரப்பர் செருப்பு வாங்கிக் குடுத்திருக்கலாம்லா?"

"குடுத்தேன்க்கா. ஒரு பார்வை பாத்தாரு. நான் அதை எடுத்து என் காலுல போட்டுக்கிட்டேன். இத்தாலியில ஒரு தச்சன்... தச்சன்னா ஜோடு தைக்கிறவன், அவரு காலை மாவுல அழுத்தி அச்செடுத்துத் தச்சது. தேன் நிறம். தோல் பூரா புள்ளி புள்ளியா மேடு. இறகு இருந்த இடமாம். பாத்தா தோலுக்கே குளிருத மாதிரி இருக்கும். தொட்டா கன்னுக்குட்டிக் காது."

சொல்லும்போதே அவன் விரல்கள் காற்றைத் தடவின.

"வெள்ளிக்கிழமை திருவனந்தபுரத்துல பிளேன். பூட்ஸ் வந்தா நீயும் வா, இல்லைன்னா நீ இங்கனயே இருந்து தேடுன்னுட்டாரு. விசா அவரு கையில. நான் கட்டுற வீடு ஜன்னல் மட்டத்துல நிக்கி, சார். உள்ள மழை பெய்யுது. என் வீட்டுக்காரி ஷமீம் பானு கூரை இல்லாத வீட்டுல கோலப்பொடி டப்பா மாதிரி எல்லாத்தையும் மூடி மூடி வைக்கா. எல்லாரும் குரங்குதான் தூக்கிருக்கும்ங்காங்க."

பஞ்சாபகேசன் பேசவில்லை. அவருடைய மௌனங்கள் அந்தத் தெருவில் பிரசித்தம். தபால்காரர் ஒருமுறை அவருடைய பதிலுக்காகக் காத்திருந்து, பக்கத்து இரண்டு தெருக்களுக்கும் தபால் கொடுத்துவிட்டு வந்து பதிலை வாங்கிக்கொண்டு போனார். குழல்வாய்மொழி அந்த மௌனங்களை மங்குஸ்தான் பழத்தால் அளப்பாள். சீசனில் அவளுடைய கைப்பையில் எப்போதும் பழம் இருக்கும். சாதாரண மௌனம் ஒரு பழம். சிக்கலான வழக்கென்றால் இரண்டு.

இரண்டாவது பழத்தின் ஓட்டை அவள் உடைக்கும்போது அவர் வாய் திறந்தார்.

"குரங்கு ஜோடியாகத் திருடாது. ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடும். மற்றது அங்கேயே கிடக்கும். ஜோடியின் அருமை தெரிந்தது மனுஷனுக்குத்தான்."

"எங்க அத்தையும் மாமாவும் பேச்சை நிறுத்தியே பல வருஷம் ஆச்சு சார்" என்றாள் அவள்.

அவர் எழுந்து ஷூவை மாட்டினார். கறுப்பு ஷூ. கல்யாணத்துக்கு மாமனார் வாங்கித் தந்தது. ஒவ்வோர் அடிக்கும் அது முனகும். அதற்குள்ளே அவரும் முனகுவார், வெளியே கேட்காது.

"உங்க ஷூவை எங்க வேணும்னாலும் கழட்டிப் போடலாம் சார். திருடன் எடுத்தாலும் அரை பர்லாங்குல திருப்பிக் கொண்டாந்து குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருவான்."

ஒலி முகம்மதுவின் வாடகை அம்பாசிடரில் மூவரும் புறப்பட்டார்கள்.

* * *

பாதையோரம் பெரிய தேக்கு மரம். அதன் கீழே முதுகு சாயத் தோதான ஒரு கல். கல்லுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் காவல்மாடன் கோயில். கோயில் என்றால் ஓட்டுக்கூரை போட்ட ஒரு சின்ன அறை. முன்னால் கம்பி கட்டி, கம்பி நிறையத் தோல் செருப்புகள் தொங்கின. பெரியவை, சிறியவை, குஞ்சம் வைத்தவை, மணி கட்டியவை.

"செருப்புக் கடையில சாமி குடியிருக்காரா, சாமி செருப்புக் கடை வச்சிருக்காரா?" என்றாள் குழல்வாய்மொழி. ஆனால் கும்பிட்டுக்கொண்டாள்.

பஞ்சாபகேசன் அந்தக் கல்லில் உட்கார்ந்தார். காலை நீட்டினார்.

"அன்றைக்கு உன் முதலாளிக்குச் செய்த மாதிரியே எனக்குச் செய். ஒன்றையும் விடாதே."

ஒலி முகம்மது அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஷூவை ஒவ்வொன்றாக இழுத்துக் கழற்றினான். மடியிலிருந்த துண்டால் துடைத்தான். ஈரம் படக்கூடாதென்று தரையில் ஒரு தேக்கிலையை விரித்தான். அதன்மேல் இரண்டையும் சேர்த்து வைத்தான். முனை வெளியே பார்க்க, குதிகால் கல்லைப் பார்க்க.

"ஏன் அப்படித் திருப்பி வைத்தாய்?"

"வந்து உட்கார்ந்ததும் அப்படியே கால நுழைக்கணும்லா சார். அர்பாப் குனிய மாட்டாரு."

அந்த நேரத்தில் கூடையில் பழம் சுமந்துகொண்டு ஒரு பெண் மேட்டில் ஏறி வந்தாள். உலகம்மாள். சீசன் முழுக்க அந்தப் பாதையில் பழம் விற்கிறவள். ஷூவைப் பார்த்தாள். நின்றாள். கூடையை இறக்கிவிட்டு ஷூவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

"நல்ல நேர்ச்சை, பெரியவரே" என்றாள் பஞ்சாபகேசனிடம். "கறுப்பு மாடனுக்குப் பிடிக்கும். என்ன வேண்டுதல், பிள்ளைக்கு வேலையா?"

"யக்கா, இது நேர்ச்சைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? சும்மா கழட்டிப் போட்டிருக்கக் கூடாதா?" என்றாள் குழல்வாய்மொழி.

உலகம்மாள் அவளை இரக்கத்தோடு பார்த்தாள். "ஏளா, நீ எந்த ஊரு? சாமி கும்பிட வர்றவன் கழட்டுனா முனை கோயிலைப் பாத்துல்லா கிடக்கும். அவன் கோயிலைப் பாத்துத்தான நடந்து வாரான். இது வெளிய பாத்து இருக்கு. கீழ இலை வேற. மாடன் ராத்திரி உள்ளேயிருந்து வந்து அப்படியே காலைக் குடுத்துட்டு மலைக்குக் காவலுக்குப் போவாரு. வருசம் கழிச்சு வந்து பாத்தா அடி தேஞ்சிருக்கும். தேஞ்சிருந்தா வேண்டுதல் ஏத்துக்கிட்டாருன்னு அர்த்தம்."

பஞ்சாபகேசன் ஒலி முகம்மதுவைப் பார்த்தார். அவன் வாயைப் பிளந்து நின்றான்.

"பூட்ஸை யாரும் திருடலை. நீயே காணிக்கை போட்டிருக்கிறாய்" என்றார் அவர்.

"சார், நான் தொழுகைக்கு வெளிய செருப்பைக் கழட்டுற ஆளு. எனக்கு எப்படி சார் தெரியும்?"

"போன வாரமும் இப்படித்தான் ஒரு ஜோடு இருந்துச்சு" என்றாள் உலகம்மாள். "அம்மை போட்ட மாதிரி தோலு. நாந்தான் பூசாரியைக் கூப்பிட்டுக் காட்டுனேன். ஊரு பூரா வந்து பாத்துட்டுப் போச்சு."

பஞ்சாபகேசன் அதற்குள் வெறுங்காலோடு கோயிலை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

* * *

பூசாரி ஆவுடைநாயகம் வாசலில் நின்றார். ஐம்பது வயதுக்கு வலுவான உடம்பு. வெறுங்கால். மாடன் கோயில் பூசாரி ஆயுளுக்கும் செருப்புப் போடக்கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு.

பூட்ஸ் உள்ளே, மாடனின் தோளருகே ஆணியில் தொங்கியது. விளக்கு வெளிச்சத்தில் அதன் புள்ளிகள் சிலிர்த்துக்கொண்டிருந்தன. ஒலி முகம்மது ஓர் அடி எடுத்து வைத்தான். பூசாரி கையை நீட்டி மறித்தார்.

"ஏறுன காணிக்கை இறங்காது தம்பி."

"அண்ணாச்சி, அது காணிக்கை இல்ல, என் பொழப்பு."

"இருக்கட்டும். மாடன் போட்டுட்டாரு." பூட்ஸைத் திருப்பி அடியைக் காட்டினார். செம்மண்ணும் பாசியும் அப்பியிருந்தன. குதிகால் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. "விரும்பிப் போட்டிருக்காரு. மத்த ஜோடெல்லாம் தேய மாசக்கணக்காவும். இதை தினமும் போடுதாரு."

"மாடனுக்குப் பத்தாம் நம்பர் காலா அண்ணாச்சி?" என்றாள் குழல்வாய்மொழி. "உள்ளூர்ப் பயலுவதான் கேப்பானுவன்னு நினைச்சேன். சாமியே இப்ப வெளிநாட்டு ஜோடுதான் கேக்காரு."

பூசாரி சிரிக்கவில்லை. பஞ்சாபகேசன் தலைகுனிந்து நின்றார். பார்க்கிறவர்கள் பிரார்த்தனை என்று நினைத்திருப்பார்கள். அவர் பூசாரியின் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழல்வாய்மொழி பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்தாள். பிறகு இன்னொன்று. மூன்றாவதை எடுத்தபோது அவளுக்கே பயமாக இருந்தது.

"ஒலி முகம்மது, நீ காரில் போய் உட்கார்" என்றார் பஞ்சாபகேசன்.

அவன் போனான். மழை ஓட்டின்மேல் ஒரே சீராகப் பெய்தது.

"பூசாரி, உங்கள் காலைப் பார்த்தேன். குதிகாலில் தழும்பு. சுண்டுவிரலில் தழும்பு. பெருவிரல் முட்டியில் காய்ப்பு. அத்தனையும் செருப்புக்கடி. செருப்பே போடாத காலை எந்தச் செருப்பு கடித்தது?"

ஆவுடைநாயகம் காலைப் பின்னுக்கு இழுத்தார். இழுத்து வைக்க இடமில்லை.

"இன்னொன்று. தழும்பெல்லாம் பழசு. புதுக் கடி ஒன்றுகூட இல்லை. கொஞ்ச நாளாக ஏதோ கடிக்காத ஜோடு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது."

பூசாரி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க அப்பா செத்து நான் பூசாரியான புதுசு. ராயகிரியில இருந்து ஒரு பொம்பளை வந்தா. முந்தின வருசம் போட்ட செருப்பைப் புரட்டிப் பாத்தா. அடி அப்படியே இருந்துச்சு. மாடன் என் பிள்ளையைக் கைவிட்டுட்டாருன்னு இந்த இடத்துலதான் உருண்டா. பிள்ளை நல்லாத்தான் இருந்தான், பக்கத்துல நின்னு முறுக்கு தின்னுக்கிட்டிருந்தான். இருந்தாலும் அவ அழுகை நிக்கல. அன்னைக்கு ராத்திரி அந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டு மலையில ஏறினேன். அப்புறம் எப்படி விட முடியும்? ஒண்ணைத் தேச்சா எல்லாத்தையும் தேய்க்கணும்லா. ஒருத்தருக்கு மட்டும் மாடன் இரங்கினாருன்னு ஆயிரக்கூடாது."

"அத்தனையும் நீங்களே நடந்தா?" குழல்வாய்மொழியின் குரலில் கேலி காணாமல் போயிருந்தது. அவள் கம்பியைப் பார்த்தாள். எத்தனை கால்கள், எத்தனை அளவுகள்.

"ஒண்ணுகூட எனக்குத் தச்சது இல்ல தாயி. சிலது சின்னது. சிலது எதிரிக்குத் தச்ச மாதிரி இருக்கும். பெருசா வேண்டிக்கிட்டவங்க ஆணி அடிச்ச செருப்பாப் போடுவாங்க. பொறுத்துக்கிட்டேன்." அவர் உள்ளே தொங்கிய பூட்ஸைப் பார்த்தார். "இது வந்துச்சு. கால உள்ள விட்டேன். யாரோ ரெண்டு கையால பாதத்தை ஏந்தின மாதிரி இருந்துச்சு. அட்டை ஏறல. முள்ளு தைக்கல. அந்தக் கோழி எந்த ஊருக் கோழியோ, புண்ணியம் செஞ்ச கோழி. இதைப் போட்ட நாளுல இருந்து எனக்கு மலையே கொஞ்சம் தாந்துபோன மாதிரி இருக்கு."

பஞ்சாபகேசன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மாடனுக்கு நடக்க வேண்டுமென்றால் யாருடைய காலையாவது இரவல் வாங்கித்தானே ஆக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தார். அகப்படவில்லை. துப்பறிகிறவருக்கு அது கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

"வெளிய சொல்லிராதீய" என்றார் பூசாரி.

"சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பையனின் வீட்டுக்குள் மழை பெய்கிறது. பூட்ஸை இப்போது தாருங்கள். மாடன் காவலுக்குக் கிளம்பும் முன்னால் ஒரு பதிலோடு வருகிறேன்."

ஆவுடைநாயகம் ஆணியிலிருந்து பூட்ஸை இறக்கினார். வேட்டி நுனியால் அடியைத் துடைத்தார். கொடுத்த பிறகும் அவர் கை கொஞ்ச தூரம் அதன் கூடவே வந்தது.

* * *

லாட்ஜின் சிமெண்ட் தரை பஞ்சாபகேசனின் உள்ளங்காலில் சில்லென்று ஏறியது. அர்பாப் கட்டிலில் கம்பளிக்குள் காலை வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தபடி இருந்தார். நரைத்த தாடி, அமைதியான கண்கள். பூட்ஸைப் பார்த்ததும் அந்தக் கண்கள் ஒளிர்ந்தன.

ஒலி முகம்மது மண்டியிட்டுப் போட்டுவிட்டான். அர்பாப் எழுந்தார். ஓர் அடி நடந்தார். நின்றார். உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, உள்ளே கையை விட்டுத் துழாவினார். பிறகு அரபியில் மெதுவாக ஏதோ சொன்னார்.

ஒலி முகம்மதுவின் முகம் வெளிறியது.

"என்னவாம்?" என்றாள் குழல்வாய்மொழி.

"இது என் பூட்ஸ் இல்லைங்காரு."

"அம்மை போட்ட கோழி ஊருக்குள்ள வேற எத்தனை இருக்காம்?"

"அவரு கால் அதுல இல்லையாம். உள்ள வேற ஒரு காலு இருக்காம். அகலமான காலு. பெருவிரல் பள்ளம் வேற இடத்துல இருக்காம்." அவன் தன் ரப்பர் செருப்பைப் பார்த்தான். "முடிஞ்சது யக்கா. நான் இங்கனயே கெடக்க வேண்டியதுதான்."

கிடைத்த பொருள் கிடைக்காமல் போவது பஞ்சாபகேசனின் அனுபவத்தில் இல்லாத விஷயம். அவர் மௌனமானார். அர்பாப்பும் மௌனமாக அவரைப் பார்த்தார். இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். ஆச்சரியமாக, அர்பாப்புக்கு அது அசௌகரியமாகவே இல்லை. குழல்வாய்மொழி பையில் மிச்சமிருந்த பழத்தையெல்லாம் தின்று தீர்த்தாள்.

"நான் சொல்வதை அப்படியே சொல்" என்றார் பஞ்சாபகேசன் கடைசியில். "இந்த மலைக்குக் காவலர் ஒருவர் இருக்கிறார். இரவெல்லாம் சுற்றுகிறவர். தனக்காக வைத்தது என்று நினைத்துப் போட்டுக்கொண்டார்."

ஒலி முகம்மது சொன்னான். அர்பாப் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கடிச்சுதான்னு கேக்காரு, சார்."

"கடிக்கவில்லை. அவர் இதுவரை போட்ட எல்லா ஜோடும் கடித்தது. இது மட்டும் கடிக்கவில்லை. இதைப் போட்ட பிறகு மலை தாழ்ந்துவிட்டது என்கிறார்."

அதை மொழிபெயர்க்க ஒலி முகம்மதுவுக்கு நேரம் பிடித்தது. கேட்டு முடித்ததும் அர்பாப் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். அருவியில் நின்றபோது சிரித்த அதே சிரிப்பு. நெடுநேரம் பேசினார்.

"இதைத் தைக்க அவரு ரொம்பக் காத்திருந்தாராம். போட்டதும் எல்லாரும் பாத்தாங்களாம், விலை கேட்டாங்களாம், எந்த மிருகம்னு கேட்டாங்களாம். நடக்க எப்படி இருக்குன்னு ஒருத்தரும் கேக்கலியாம். அது தெரிஞ்ச ஆளு உலகத்துல தான் ஒருத்தன்தான்னு நினைச்சிருந்தாராம். பூட்ஸு அந்தக் காவல்காரருக்கே இருக்கட்டுமாம். அது இப்ப அவரு காலைப் படிச்சிருச்சாம்."

"உன் விசா?" என்றாள் குழல்வாய்மொழி.

அவன் திரும்பிக் கேட்டான். பதிலைக் கேட்டுவிட்டு இவர்கள் பக்கம் திரும்பினான்.

"கிட்டங்கிக் காவல்காரங்க எல்லாருக்கும் வருசா வருசம் புது பூட்ஸ் குடுக்கிறது அவரு கம்பெனி வழக்கமாம். இவருக்கும் குடுக்கணுமாம். ஒவ்வொரு சீசனுக்கும் கொண்டுவந்து சேக்கிறது என் பொறுப்பாம். பழசு நல்லா தேஞ்சிருந்தாத்தான் புதுசு. இப்படி வருசா வருசம் தேஞ்சுக்கிட்டே இருக்குற வரைக்கும் என் வேலையும் இருக்குமாம்." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "தேயுமா, சார்?"

"தேயும்" என்றார் பஞ்சாபகேசன். "அதில் சந்தேகமே வேண்டாம்."

அர்பாப் கட்டிலை விட்டு இறங்கி, வெறுங்காலோடு வாசல் மழையில் போய் நின்றார். ஒலி முகம்மது தன் ரப்பர் செருப்பைக் கழற்றி அவர் முன்னால் வைத்தான். முனை வெளியே பார்க்க வைக்கப் போனவன், ஒரு கணம் யோசித்து, திருப்பி வைத்தான்.

* * *

காவலரின் கால் அளவை எடுத்துவரச் சொல்லியிருந்தார் அர்பாப். வெள்ளைத் தாளும் பென்சிலும் பூட்ஸுமாக மூவரும் மாடன் கோயிலுக்குத் திரும்பினார்கள்.

கோயிலின் உள்மறைவில் ஆவுடைநாயகம் தாளின்மேல் காலை வைத்தார். குழல்வாய்மொழி பாதத்தைச் சுற்றிக் கோடு இழுத்தாள். அவருக்குக் கூச்சம் தாங்கவில்லை.

"தாயி, கொஞ்சம் அகலமாவே இழுங்க. ஏத்தத்துல காலு வீங்கும்... மாடனுக்கு."

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி, மாடனுக்குத்தான்" என்றாள் அவள். பென்சில் அவருடைய சுண்டுவிரல் தழும்பை மெதுவாகச் சுற்றி வந்தது.

பூட்ஸ் மறுபடியும் ஆணியில் ஏறியது. ஒலி முகம்மது அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டான். எல்லாம் முடிந்தது. பஞ்சாபகேசன் வெளியே வந்து தேக்கு மரத்தடிக்குப் போனார். அங்கே தேக்கிலை மட்டும் இருந்தது.

அவர் மெல்ல நிமிர்ந்து கம்பியைப் பார்த்தார். குஞ்சம் வைத்த செருப்புக்கும் மணி கட்டிய செருப்புக்கும் நடுவில், மாமனார் வாங்கித் தந்த கறுப்பு ஷூ தொங்கியது. அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, நாடாவில் ஓர் அரளிப்பூவும் செருகியிருந்தது.

"உங்க நேர்ச்சையையும் ஏத்தியாச்சு, பெரியவரே" என்றாள் கூடையோடு நின்ற உலகம்மாள். "அவசரமாப் போனியளேன்னு நாந்தான் கூட இருந்து பூசாரியை மாட்டச் சொன்னேன். பத்துப் பேரு கும்பிட்டுட்டாக."

"ஏறுன காணிக்கை இறங்காதுல்லா சார்" என்றாள் குழல்வாய்மொழி. "மாமனாருக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

பஞ்சாபகேசன் தன் வெறுங்கால்களைப் பார்த்தார். ஈர மண்ணில் விரல்கள் தாமாகவே விரிந்திருந்தன. கல்யாணத்துக்குப் பிறகு அவை அப்படி விரிந்ததாக அவருக்கு ஞாபகமில்லை.

ஆவுடைநாயகம் வாசலுக்கு வந்தார். கம்பியில் தொங்கும் கறுப்பு ஷூவை ஏற இறங்கப் பார்த்தார். ஒருவரையும் விட்டுவிடக்கூடாது என்று இருபத்தைந்து வருடமாக நடக்கிறவர் அவர். உலகம்மாளுக்குக் கேட்காதபடி பஞ்சாபகேசனின் அருகே வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சார், இது எப்படி... கடிக்குமா?"

பஞ்சாபகேசன் மௌனமானார்.

குழல்வாய்மொழி பைக்குள் கையை விட்டாள். பழம் தீர்ந்துபோயிருந்தது. அவள் உலகம்மாளின் கூடைப் பக்கமாக நடந்தாள்.